தராசை எடுங்கள், காப்பிச் சோப்பு செய்யலாம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அடுப்பங்கரையில் அளவு என்பது கையில்தான் இருக்கும். சொதிக்கு எத்தனை தேங்காய், புளி எவ்வளவு என்று ஆச்சிமாரிடம் கேட்டால், "பாத்துப் போடு" என்பதுதான் பதில். பார்த்துப் போட்டே ருசியாக வந்தும் விடும். சோப்பு செய்ய அந்தக் கைப்பழக்கம் உதவாது. இதில் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் ஒரு கிராம் வரை நிறுத்துப் போட வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி, ஏதோ ஒன்றை டம்ளரிலோ கரண்டியிலோ அளந்ததால் வருவது. ஆகவே முதல் செலவு ஒரு டிஜிட்டல் சமையல் தராசு. அது இல்லாமல் மற்றவற்றை வாங்க வேண்டாம்.

காப்பிச் சோப்பு எதற்கு என்ற கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மீன் கழுவிய கை, உள்ளி உரித்த கை, வண்டிச் செயினைத் தொட்ட கை, இதற்கெல்லாம் நல்ல சோப்பு. காப்பித்தூளின் மெல்லிய சொரசொரப்பு அழுக்கைத் தேய்த்து எடுக்கும். தோல் சுருக்கம் போகும், கொழுப்பு கரையும், நிறம் கூடும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. அரை நிமிடம் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் பொருள் அவ்வளவு வேலை பார்க்காது. முகத்துக்கும் இது வேண்டாம், தூள் கீறும்.

எண்ணெயும் கணக்கும்

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து மாறிப்போவதுதான் சோப்பு. சரியாகச் செய்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சமே இருக்காது. அது முழுக்க எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் ஆகிவிடும். ஆனால் ஒவ்வோர் எண்ணெயும் கேட்கும் அளவு வேறு. தேங்காய் எண்ணெய் 1 கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா கேட்கும். பாமாயில் 0.141, விளக்கெண்ணெய் 0.128.

நான் சொல்லும் கலவை இது: தேங்காய் எண்ணெய் 250 கிராம், பாமாயில் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மொத்தம் அரைக் கிலோ. மேலே சொன்ன எண்களால் பெருக்கிக் கூட்டினால் 80 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காஸ்டிக் சோடா வரும். நாம் போடப் போவது 75 கிராம்தான். அந்த ஐந்து கிராமைக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சும். கை வறண்டு போகாமல் இருப்பது அதனால்தான். நிறுப்பதில் சின்னப் பிசகு இருந்தாலும் அந்த மிச்ச எண்ணெய் காப்பாற்றும்.

தேங்காய் எண்ணெய் நுரையையும் கெட்டியையும் தரும். அது மட்டும் போட்டால் தோலை இழுத்துப் பிடிக்கும். பாமாயில் சோப்பு சீக்கிரம் கரையாமல் நிற்க. ரேஷன் பாமாயிலே போதும், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். விளக்கெண்ணெய் நுரை நிலைத்து நிற்க உதவும். செக்கு நல்லெண்ணெய் வீட்டில் இருக்கிறதே, அதை ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம். அப்போது 1 கிராமுக்கு 0.134 என்று கணக்கை மாற்ற வேண்டும், சோப்பும் மெதுவாகத்தான் இறுகும். நல்லெண்ணெய் கூடிப்போன சோப்பில் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் நான் போடுவதில்லை. அதைத் தலைக்குத் தேய்ப்பதே மரியாதை.

இன்னொன்று. 1 லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் இருப்பது ஒரு கிலோ என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், சுமார் 910 கிராம்தான். லிட்டரைக் கிலோவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் காஸ்டிக் சோடா பத்தில் ஒரு பங்கு கூடிப்போகும். நாம் விட்டுவைத்த ஐந்து கிராம் அதை ஈடுகட்டாது. கையை அரிக்கும் சோப்புதான் மிஞ்சும்.

காஸ்டிக் சோடா

இது நமக்கு ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986-இல் தூத்துக்குடியோடு போன ஆறுமுகநேரி சாகுபுரத்தில் இதைத்தான் ஆலையில் தயாரிக்கிறார்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் கிடைப்பது. உப்பளம் இருக்கும் ஊரில் அந்த ஆலை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் வாங்க வேண்டியது வேறெதுவும் கலக்காத, வெள்ளைச் செதிலாகவோ சிறு மணியாகவோ இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு. கல்லூரிகளுக்கு ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பாளையங்கோட்டையில் கல்லூரிக்கா குறைவு! கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுக்கும் பொடிப் பாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் வேறு என்னென்னவோ சேர்ந்திருக்கும்.

வாங்கியதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டப்பா திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசத்துப் போகும், அப்புறம் எடையும் பொய் சொல்லும். சமையல் சோடா, துணி சோடா இரண்டும் வேறு. பெயரில் சோடா இருக்கிறதே என்று மாற்றிப் போட்டால் சோப்பு வராது.

பாத்திர விஷயத்தில் சலுகையே கிடையாது. அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பித்தளை, செம்பு, ஈயம் பூசியதும் வேண்டாம். எவர்சில்வர் நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பாவும் சரி. கண்ணாடி ஜாடி சூட்டில் விரிசல் விடலாம். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரங்களைத் தனியே வைத்துவிடுங்கள், மறுபடி குழம்புக்குப் போக வேண்டாம்.

ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போதும் என்று நினைக்காதீர்கள், பக்கவாட்டில் தெறிப்பதை அது தடுக்காது. தோலில் பட்டால் உடனே குழாயடியில் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் என்று எதையும் ஊற்றக் கூடாது, புண்ணில் சூட்டைக் கிளப்பிவிடும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து விடாமல் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இந்த முறையையே விட்டுவிட்டு, ஏற்கனவே சோப்பாகிக் கட்டியாகவே கடையில் கிடைக்கும் சோப் பேஸ் வாங்கிக்கொள்ளலாம். அரைக் கிலோவைத் துண்டு போட்டு, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, ஒரு மேசைக்கரண்டி கெட்டி டிகாஷனும் ஒரு தேக்கரண்டி காய்ந்த காப்பித்தூளும் கலந்து அச்சில் ஊற்றினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ருசித்துச் சமைக்கிற வேலை அதில் இல்லை என்பதுதான் ஒரே குறை.

காப்பி

முந்தைய நாளே காப்பியைத் தயார் செய்துவிட வேண்டும். சிக்கரி கலக்காத தூள் வாங்குங்கள். நம் கடைகளில் எண்பதுக்கு இருபது, அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரி சேர்த்துத்தான் கொடுப்பார்கள், தனிக்காப்பி வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். சிக்கரியில் உள்ள இனிப்பு காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து கூடுதலாகச் சூடேறும். அதே காரணத்தால்தான் கருப்பட்டிக் காப்பி ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். கருப்பட்டி சேர்த்தால் நுரை நன்றாக வரும், பொய்யில்லை. ஆனால் கை தாராளமாகப் போனால் கலவை பொங்கி வழியும். இரண்டாம் தடவை செய்யும்போது 5 கிராம் உடன்குடிக் கருப்பட்டியைத் துளி வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, எண்ணெயோடு சேர்த்துப் பாருங்கள். முதல் தடவை வேண்டாம்.

30 கிராம் தூளை பில்டரில் போட்டு, கேன் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றி டிகாஷன் இறக்குங்கள். பாலும் சீனியும் கூடாது. இறங்கியதை நிறுத்துப் பார்த்து, தண்ணீர் சேர்த்து 165 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து போர் தண்ணீரை இதில் விட வேண்டாம். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திட்டுத் திட்டாகப் படியும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடென்றால் கவலையில்லை, காய்ச்சி ஆற வைத்துக்கொள்ளலாம்.

டிகாஷன் ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பில்டரில் மிஞ்சிய சக்கையைத் தட்டில் பரப்பி வெயிலில் நன்றாகக் காய வைத்து, மிக்சியில் ஒரு சுற்று சுற்றிச் சலித்து எடுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி போதும். ஈரம் இருந்தால் சோப்பில் பூஞ்சை பிடிக்கும். தூளை அள்ளிப் போட்டால் சோப்பு உப்புத்தாள் மாதிரி கையைப் பிறாண்டும்.

செய்யும் நாள்

அச்சை முதலில் தயாராக வையுங்கள். ஒரு கிலோ அல்வா வாங்கிய அட்டைப்பெட்டி அளவாக இருக்கும். உள்ளே பட்டர் பேப்பரை மடிப்பில்லாமல் விரித்து, ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். அப்போதுதான் பிடித்துத் தூக்க முடியும். சிலிக்கான் அச்சு இருந்தால் அதுவும் சரி.

காஸ்டிக் சோடா கரைக்கும் வேலை புறவாசலிலோ தட்டட்டி என்கிற மொட்டை மாடியிலோ நடக்கட்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் ஆடிக்காற்று அடிக்கும் நாளென்றால் வெளியே வேண்டாம், செதில் பறந்து கண்ணில் விழும். சன்னலைத் திறந்து வைத்து உள்ளேயே செய்யுங்கள்.

காப்பிக் கட்டிகளை உயரமான எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். 75 கிராம் காஸ்டிக் சோடாவை நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் தூவிக் கிளறுங்கள். எப்போதும் காப்பியில்தான் காஸ்டிக் சோடா விழ வேண்டும். திருப்பி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஐஸ் கட்டிகள் கண்ணெதிரே கரைந்து, கரைசல் பழுப்பிலிருந்து கறுப்பாகும். அப்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், கருகியதும் அமோனியாவும் சேர்ந்த மாதிரி மூக்கைத் துளைக்கும். காப்பி மணம் வரும் என்று ஆசையாக வந்து நின்றவர்கள் ஓடிவிடுவார்கள். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், அதன் சுபாவமே அதுதான். சோப்பு காயக் காய அந்த வாடை போய்விடும். கூடவே காப்பி மணமும் போய்விடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறம் மட்டும் நிற்கும்.

கறுத்த கரைசலில் கரையாத செதில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில் ஊற்றும்போது பிளாஸ்டிக் வலைச் சல்லடை வழியாக ஊற்றுங்கள். ஒரு செதில் தப்பிப் போனால்கூட, சோப்பில் அந்த இடம் கையைச் சுடும்.

எண்ணெய்கள் மூன்றையும் நிறுத்து ஒரே பாத்திரத்தில் சேருங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் வருஷத்தில் முக்கால்வாசி நாள் உருகித்தான் இருக்கும். மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் லேசாகச் சூடு காட்டினால் போதும். கரைசலும் எண்ணெயும் இரண்டுமே வெதுவெதுப்பாக, 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் கைப்பழக்கத்தை அனுமதிக்கிறேன்.

கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் சில விநாடி அடித்து, நிறுத்திக் கரண்டியால் கிளறி, மறுபடி அடியுங்கள். பிளெண்டரின் தண்டும் எவர்சில்வராக இருக்க வேண்டும். மத்தால் கடையலாம், ஆனால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். கலவை கெட்டிப்படும்போது கரண்டியால் எடுத்து மேலே விட்டுப் பாருங்கள். விட்ட கோடு உடனே அமுங்காமல் ஒரு கணம் மேலேயே நின்றால் அதுதான் பதம். அந்த நிலையில், காய வைத்துச் சலித்த காப்பித்தூளைச் சேர்த்துக் கிளறி அச்சில் ஊற்றிவிட வேண்டும். வாசனை வேண்டுமானால் எலுமிச்சைப்புல் எண்ணெய் 5 கிராம் போதும். கிராம்பு எண்ணெயைத் தொடாதீர்கள், கலவை சட்டென்று இறுகி அச்சுக்குள் போகாமல் பாத்திரத்திலேயே நின்றுவிடும்.

அச்சைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும். குளிர் தேசத்தில் செய்கிறவர்கள் கம்பளி போர்த்தி வைக்கச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் நாம் அப்படி வைத்தால் நடுவில் சூடேறி மேற்பரப்பு வெடித்துவிடும். வீட்டு முன்கூடமான தார்சாவில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் போதும். கையுறையைக் கழற்றாமலே பாத்திரங்களில் ஒட்டியிருப்பதைத் தாளால் வழித்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள்.

வெட்டுவதும் காய வைப்பதும்

மறுநாள் இதே நேரம் வெட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பாதிக்குப் பாதி இருப்பதால் நாள் தள்ளினால் கல்லாகி, கத்தி வைத்த இடத்தில் உடையும். கையுறை இன்னும் வேண்டும், உள்ளே வேலை முடிந்திருக்காது. ஏழு கட்டி வரும்.

மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, காற்றுப் பட்டு வந்த பூப்பு. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். வெட்டிய முகத்தில் வெள்ளைத் திட்டோ, பிசுபிசுத்த நீர்ப் பொட்டோ இருந்தால் அது வேறு கதை. காஸ்டிக் சோடா அங்கே கலக்காமல் தங்கியிருக்கலாம், அந்தக் கட்டிகளை உடம்பில் போட வேண்டாம். எண்ணெய் தனியே பிரிந்து மேலே நின்றால் பதம் வருவதற்கு முன்பே ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மஞ்சள் தடவிச் சோதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மஞ்சள் சிவந்தால் காரம் அதிகம் என்பார்கள். சாம்பார் பட்ட வேட்டியைச் சோப்புப் போட்டுத் துவைத்தவர்களுக்குத் தெரியும், கடையில் வாங்கிய நல்ல சோப்பும் மஞ்சளைச் சிவப்பாக்கும். சோப்பென்றாலே கொஞ்சம் காரத்தன்மை உண்டு என்பதால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. பி.எச். தாளில் நனைத்த சோப்பைத் தொட்டுப் பார்த்து 9 அல்லது 10 வந்தால் சரி. 12 பக்கம் போனால் வேண்டாம்.

கட்டிகளை நான்கிலிருந்து ஆறு வாரம் நிழலில் காய வைக்க வேண்டும். பழைய கோரைப்பாய்த் துண்டு நன்றாக இருக்கும், அடியிலும் காற்று போகும். நல்ல பத்தமடைப் பாயை இதற்கு எடுக்காதீர்கள், எண்ணெய்க் கறை போகாது. ஓலைப்பெட்டியும் பொருத்தம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வாரம் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் செய்தால் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், ஈரக்காற்றில் சோப்பு வேர்க்கும். எலி வேறு தேங்காய் எண்ணெய்ச் சோப்பை விட்டுவைக்காது, மேலே கம்பி வலை போட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்கவும் அதே தராசுதான். ஒரு கட்டியைக் குறித்து வைத்துக்கொண்டு வாரா வாரம் நிறுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போகப் போக எடை குறைந்துகொண்டே வரும். நான்கு வாரம் கடந்து, இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் சோப்பு தயார்.

அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது என்னென்ன எண்ணெய் போட்டிருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கொடுங்கள். காசுக்கு விற்பதானால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும், வீட்டில் செய்தது என்பதற்காக விலக்கு இல்லை. வெள்ளைத் துண்டு போட்டிருக்கும் இடத்தில் இந்தச் சோப்பை வைக்க வேண்டாம், பழுப்பு நுரை கறை விடும். அடுப்பங்கரைத் தொட்டி ஓரத்தில், அடியில் ஓட்டை உள்ள சோப்புப் பெட்டியில் வைத்தால் ஊறிக் கரையாமல் கூடுதல் நாள் வரும்.